கட்டுரை நூல் ஏன் முப்பதாம் பக்கத்தில் நின்றுபோகிறது?

நாவலும் சிறுகதையும் மட்டுமே வாசித்துவந்த பத்துப் பேர் சேர்ந்த வட்டம். இனிக் கல்வி, சமூகம், பெண்கள் வரலாறு, இயற்கை என்று கட்டுரை நூல்களுக்கு மாறப் பார்க்கிறீர்கள். இரண்டு நூல்களை எடுத்தும் முப்பது பக்கம் தாண்டவில்லை. எதில் தொடங்குவது, எப்படி வாசிப்பது, எழுதியிருப்பதை எவ்வளவு தூரம் நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முப்பது பக்கத்தில் நின்றதற்கு உங்கள் சோம்பல் மேல் பழி போட வேண்டாம். தமிழில் வரும் கட்டுரை நூலைத் திறந்தால் பதிப்புரை, அணிந்துரை, வாழ்த்துரை, மொழிபெயர்ப்பாளர் உரை, முதல் பதிப்பின் முன்னுரை, மூன்றாம் பதிப்பின் முன்னுரை என்று வரிசைகட்டி நிற்கும். நூல் இன்னும் தொடங்கியிருக்காது. நாவல் வாசித்த பழக்கத்தில் முதல் தாளிலிருந்து இறங்குகிறவர், கல்யாண வீட்டு வாசலில் சந்தனமும் கற்கண்டும் எடுத்துக்கொண்டு பந்திக்குப் போகாமலே திரும்பிவிடுகிறார். அணிந்துரைகளைக் கடைசியில் வாசியுங்கள். எழுதியவர் நூலை உண்மையிலேயே வாசித்தாரா என்பதும் அப்போதுதான் பிடிபடும்.

நூலைக் கையில் எடுத்ததும் பதினைந்து நிமிடம் அதைச் சுற்றிப் பாருங்கள். முதலில், தலைப்புத் தாளின் பின்பக்கம். மூல நூல் எந்த ஆண்டு, எந்த மொழியில் வந்தது, தமிழாக்கம் மூலத்திலிருந்தா, ஆங்கிலம் வழியாகவா என்று அங்கே இருக்க வேண்டும். அது இல்லாமல் தமிழ்ப் பதிப்பின் ஆண்டு மட்டும் இருந்தால் எச்சரிக்கை தேவை: 1962இல் எழுதியதை நேற்றுச் சொன்னதுபோல மேற்கோள் காட்டும் தவறு இங்கேதான் பிறக்கிறது. அடுத்து, பொருளடக்கம். பிறகு நூலின் கடைசிப் பக்கங்கள்: அடிக்குறிப்பு இருக்கிறதா, சொல்லடைவு இருக்கிறதா? தமிழாக்கங்களில் இவை இரண்டையும் பக்கச் செலவு கருதி வெட்டிவிடுவது சகஜம். வெட்டப்பட்டிருந்தால் நூலைத் தள்ள வேண்டியதில்லை. ஆனால் அதில் வரும் எண் ஒவ்வொன்றும் இனி ஆசிரியரின் வாய்ச்சொல்தான் என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக, நடுவில் ஏதேனும் ஓர் அத்தியாயத்தில் மூன்று பக்கம். மொழி ஓடவில்லை என்றால் அந்தத் தமிழாக்கத்தை வாங்காதீர்கள். முக்கியமான நூல் என்பதற்காக முரட்டுத் தமிழைச் சுமக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் கிடையாது.

வாசிக்கும்போது கையில் வைத்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இதை எழுதியவர் எங்கே நின்று பார்த்தார், அந்த இடத்திலிருந்து அவர் கண்ணுக்கு எது தெரிந்திருக்காது? நான்கு துறைக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். ஆனால் ஒவ்வொன்றிலும் பதில் வேறு மாதிரி வரும்.

கல்வியிலிருந்து தொடங்குங்கள். பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் எல்லோருக்கும் அதில் சொல்ல ஏதாவது இருக்கும். முதல் கூட்டத்திலேயே யாரும் ஊமையாக உட்கார வேண்டியிருக்காது. முதல் நூல் டெட்சுகோ குரோயாநாகியின் ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’. 1981இல் ஜப்பானில் வந்தது. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாகக் கிடைக்கிறது. பழைய ரயில் பெட்டிகளை வகுப்பறைகளாக்கிய டோமோயி பள்ளி, முதல் நாள் ஒரு சிறுமியை நான்கு மணி நேரம் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்த தலைமை ஆசிரியர் கோபயாஷி, கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம் என்று பிள்ளைகளின் மதிய உணவைப் பார்த்துப் போகும் வழக்கம். வாசித்தவர்கள் உருகிப் போவார்கள். உருகட்டும். அதற்குப் பிறகு கேள்வியைப் போடுங்கள். இதை எழுதியவர் அந்தப் பள்ளியை ஆறேழு வயதுக் கண்ணால் பார்த்தவர். எனவே பள்ளிக்குப் பணம் எங்கிருந்து வந்தது, மற்ற ஆசிரியர்களுக்கு இந்த முறை எப்படிக் கற்பிக்கப்பட்டது என்பதெல்லாம் நூலில் மங்கலாகத்தான் இருக்கும். மொத்தப் பிள்ளைகளே ஏறக்குறைய ஐம்பது பேர். ஒரே வகுப்பில் நாற்பது பேரை வைத்துக்கொண்டு நிற்கும் ஆசிரியர் இந்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பார். பள்ளி 1937இல் தொடங்கி 1945இல் குண்டுவீச்சில் எரிந்துபோனது. அதாவது முழுக்கப் போர்க்கால ராணுவ ஜப்பானுக்குள் நடந்த பள்ளி. அது எப்படி விட்டுவைக்கப்பட்டது? நூலின் பின்னுரையில் ஒரு துப்பு இருக்கிறது: கோபயாஷிக்கு விளம்பரமே பிடிக்காது. கதை முடிந்துவிட்டது என்று பின்னுரையை விட்டுவிடுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

இரண்டாவது, குஜராத்தியில் கிஜுபாய் பதேகா எழுதிய ‘பகல் கனவு’. வழக்கறிஞர் தொழிலை விட்டுப் பாவ்நகரில் குழந்தைகள் பள்ளி நடத்தியவர் அவர். லட்சுமிராம் என்ற ஆசிரியர் கல்வி அதிகாரியிடம் போய், நான்காம் வகுப்பை ஓராண்டு என்னிடம் விடுங்கள் என்று கேட்கிறார். முதல் நாள் அமைதி விளையாட்டு வைக்கிறார். பிள்ளைகள் அதைக் கேலிக்கூத்தாக்கிவிடுகிறார்கள். மறுநாள் கதை சொல்லத் தொடங்குகிறார். வகுப்பு வசமாகிறது. பிறகு பாடநூல் வாங்கும் காசில் வகுப்புக்கு ஒரு நூலகம் வருகிறது. இதை ‘நடந்த சோதனையின் அறிக்கை’ என்று மேடையில் சொல்லும் ஆசிரியர்கள் நிறையப் பேர். தலைப்பே பகல் கனவு என்கிறது! லட்சுமிராம் கற்பனைப் பாத்திரம். பின்னால் இருப்பது கிஜுபாயின் சொந்தப் பள்ளி அனுபவம். ஆக, ‘இது வேலை செய்தது’ என்பதற்கு இந்நூல் ஆதாரமாகாது. ‘இதைச் செய்து பார்க்கலாம்’ என்பதற்கு ஆகும். முதல் நாள் தோல்வியைப் பூசி மெழுகாமல் எழுதியிருப்பதுதான் என் கணக்கில் நூலின் ஆகச் சிறந்த பகுதி. வட்டத்தில் ஆசிரியர்கள் இருந்தால் அந்த அத்தியாயத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, இத்தாலியின் பார்பியானா என்ற மலைக் குக்கிராமத்துப் பையன்கள் எட்டுப் பேர் சேர்ந்து எழுதி 1967இல் வந்த கடிதம். தமிழில் ‘எங்களை ஏன் டீச்சர் ஃபெயிலாக்கினீங்க?’ என்ற தலைப்பு. அரசுப் பள்ளியில் தோற்று வெளியே தள்ளப்பட்டவர்களைச் சேர்த்துப் பாதிரியார் லோரென்சோ மிலானி நடத்திய பள்ளி அது. முதல் இரண்டு நூலும் ஆசிரியரின் அன்பைப் பேசுகின்றன. இது கணக்கைப் பேசுகிறது. எந்த வகுப்பில் எத்தனை பேர் கழித்துக்கட்டப்பட்டார்கள், அவர்களின் அப்பாமார் என்ன தொழில் செய்தார்கள் என்று பையன்களே அட்டவணை போட்டிருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் மாற்றம் மூன்று: யாரையும் ஃபெயிலாக்காதே, மந்தம் என்று தோன்றுகிறவர்களுக்கு முழுநாள் பள்ளி கொடு, சோம்பேறி என்று தோன்றுகிறவர்களுக்கு ஒரு குறிக்கோள் கொடு. நம் நாட்டில் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்றது; 2019 திருத்தம் ஐந்திலும் எட்டிலும் நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு வழிவிட்டது. நம் வாதம் முழுக்கப் பார்பியானாவின் முதல் கோரிக்கையைச் சுற்றியே நடக்கிறது. பின்தங்கியவருக்குக் கூடுதல் நேரம் என்ற இரண்டாவது கோரிக்கை இல்லாமல் முதலாவது நிற்காது என்பதைப் பையன்கள் அப்போதே எழுதிவிட்டார்கள். இந்த நூலின் குறையும் வெளிப்படை: ஒரே ஓர் ஆசிரியையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, அவருக்குச் சம்பளம் கொடுக்கும் அமைப்பைச் சில இடங்களில் மறந்துவிடுகிறது.

சமூகத்துக்கு இரண்டு நூல் போதும். அம்பேத்கரின் ‘சாதி ஒழிப்பு’ 1936இல் லாகூரில் ஜாத்-பாத் தோடக் மண்டல் என்ற சாதி எதிர்ப்பு அமைப்பு நடத்தவிருந்த மாநாட்டுக்காக எழுதிய தலைமையுரை. உரையை முன்கூட்டியே பார்த்த அமைப்பாளர்கள் சில பகுதிகளை எடுக்கச் சொன்னார்கள்; அவர் மறுத்தார்; மாநாடே நடக்கவில்லை. தன் செலவில் 1,500 படிகள் அச்சிட்டார். ‘குடிஅரசு’ வழியாக 1930களிலேயே தமிழுக்கும் வந்துவிட்டது. இப்போது சந்தையில் பல தமிழ்ப் பதிப்புகள் இருக்கின்றன. வாங்கும்போது இரண்டைப் பாருங்கள். உரைக்கு முன்னால் அமைப்பாளர்களோடு நடந்த கடிதப் போக்குவரத்து இருக்க வேண்டும். பின்னால் காந்தி ‘ஹரிஜன்’ இதழில் எழுதிய மறுப்பும், அதற்கு அம்பேத்கர் 1937 பதிப்பில் கொடுத்த பதிலும் இருக்க வேண்டும். இவை இல்லாத மெலிந்த பதிப்பில் வாதம் ஒற்றைக் குரலாகிவிடுகிறது. எதிராளி யார் என்றே தெரியாமல் வாசிக்க நேரிடும். கடிதங்கள் முதலில், உரை பிறகு, காந்தியின் மறுப்பு, கடைசியில் பதில் என்ற வரிசை சரியாக இருக்கும். உரை 26 பகுதிகள்; கூட்டத்துக்கு ஆறேழு பகுதி என்று வைத்தால் நான்கு கூட்டத்தில் முடியும்.

மற்றது பி. சாய்நாத் 1996இல் வெளியிட்ட, ‘நல்ல வறட்சியை எல்லோருக்கும் பிடிக்கும்’ என்று பொருள்படும் கசப்பான தலைப்புள்ள நூல். இந்தியாவின் மிக ஏழ்மையான மாவட்டங்களிலிருந்து அனுப்பிய செய்திக் கட்டுரைகள். ராமநாதபுரமும் புதுக்கோட்டையும் அதில் உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து கிராமத்துப் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் பழகிய கதையை எடுத்துக்கொள்ளுங்கள். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு. பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். சிலருக்கு அதுவே வசதியாகவும் இருந்தது, ஏனென்றால் முன்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம். ‘பெண் விடுதலை’ என்ற சொல்லை விட இந்தக் கம்பி நிறையச் சொல்கிறது. நல்ல செய்திக் கட்டுரை இப்படித்தான் ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளும். அதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது: பத்து ஆண்டு கழித்து அந்தப் பெண்கள் என்ன ஆனார்கள் என்று அது திரும்பிப் பார்க்காது. உங்கள் வட்டம் திரும்பிப் பார்க்கலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேட்டில் ஊர்வாரியாக ஆண், பெண், எழுத்தறிந்தோர், வேலை செய்வோர் எண்ணிக்கை இருக்கிறது. 2011 கையேடுகளை இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். ஒரு கண்ணி மட்டும் உண்டு. எழுத்தறிவு விகிதம் ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. ஓர் ஊரில் 1,000 பெண்கள், அதில் 100 பேர் ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகள், எழுத்தறிந்தவர் 630 என்றால் விகிதம் 63 அல்ல. 900ஆல் வகுக்க வேண்டும், 70. இந்தத் தவறோடு அச்சாகிய கட்டுரைகளுக்குக் குறைவில்லை.

பெண்கள் வரலாற்றில்தான் வட்டங்கள் அதிகம் சறுக்குகின்றன. ‘முதல் பெண் மருத்துவர்’, ‘முதல் பெண் உறுப்பினர்’ என்ற பட்டியல் நூல்களோடு நின்றுவிடுவார்கள். பட்டியல் தேவைதான். ஆனால் அதில் எல்லோரும் ஒரே பக்கம் நிற்பதுபோலத் தெரியும். ஒரு சிக்கலை எடுத்து, அதில் எதிரெதிரே நின்ற பெண்களின் எழுத்தைச் சேர்த்து வாசிப்பதுதான் வழி. தேவதாசி ஒழிப்பை எடுத்துக்கொள்வோம்.

மூன்று பெண்கள். முத்துலட்சுமி ரெட்டி, 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர், 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றவர், 1927இல் சென்னை மாகாணச் சட்டசபையில் இருந்து ஒழிப்புத் தீர்மானம் கொண்டுவந்தவர். தாய் சந்திரம்மாள் தேவதாசிச் சமூகத்திலிருந்து வந்தவர். அடுத்தவர் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். தாசி மரபுக்குள்ளேயே வளர்க்கப்பட்டு, அதை உடைத்து வெளியே வந்து, சுயமரியாதை இயக்கத்தில் நின்று, 1936இல் ‘தாசிகள் மோசவலை’ நாவலை எழுதியவர். மூன்றாமவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அதே மரபில் வந்த பாடகி, திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பியவர். இவர் எதிர்ப்பக்கம். சென்னையில் தேவதாசிகளின் சங்கம் ஒழிப்புக்கு எதிராக மனுப் போட்டபோது முன்னணியில் இருந்தவர். முத்துப்பழனி என்ற 18ஆம் நூற்றாண்டுத் தெலுங்குக் கவிஞரின் ‘ராதிகா சாந்த்வனம்’ காவியத்தை 1910இல் முழுமையாகப் பதிப்பித்ததும் அவர்தான். ஆபாசம் என்று ஆங்கில அரசு அதைத் தடை செய்தது. 1947இல்தான் தடை நீங்கியது. சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுவதை, அதாவது பெண்ணைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவதை, தடுக்கும் சட்டம் வந்ததும் அதே 1947இல். ஒரே ஆண்டில் ஒரு தாசி எழுதிய கவிதை விடுதலையாகிறது, தாசி மரபு சட்டப்படி முடிகிறது.

மூவரையும் ஒரே தட்டில் வைத்து ‘யார் சரி’ என்று வாக்கெடுப்பு நடத்தினால் கூட்டம் அரை மணியில் சண்டையில் முடியும். ஆவணத்தின் வகையைப் பிரித்து வாசியுங்கள். முத்துலட்சுமி 1930இல் வெளியிட்ட சட்டமன்ற அனுபவ நூல் ஒரு மருத்துவர், உறுப்பினர் என்ற நிலையில் நின்று பேசுவது: நோய், சிறுமிகளின் வயது, சட்டத்தின் சொல். நாவல் உள்ளிருந்து வந்த குரல். ஆனால் பிரச்சாரத்துக்காக எழுதியது, எனவே தாயும் தரகரும் அதில் அப்பட்டமான வில்லன்கள். மனு என்பது இழப்பதற்குச் சொத்து உள்ளவர்களின் குரல். கையெழுத்துப் போடத் தெரியாத, பொட்டுக்கட்டும்போது எட்டு வயதாக இருந்த பெண் மனுவில் வருவதில்லை. இப்படி வைத்தால் எல்லாக் குரலுக்கும் இடம் இருக்கும், எதற்கும் ஏமாற வேண்டியதில்லை.

பெரும்பாலான வாழ்க்கை வரலாறுகள் தாண்டிப் போகும் ஒரு படி நடுவில் இருக்கிறது: 1929. அந்த ஆண்டு இந்து அறநிலையச் சட்டத்தில் வந்த திருத்தம், கோயில் ஊழியத்துக்காகப் பெண்கள் அனுபவித்துவந்த மானிய நிலத்தை ஊழியக் கட்டாயத்திலிருந்து விடுவித்தது. ஊழியம் நின்றாலும் நிலம் கையில் இருக்கும் என்பதுதான் அதன் சாரம். சீர்திருத்தம் பற்றிய எந்த நூலிலும் இந்த இடத்தைத் தேடுங்கள்: மறுநாள் அடுப்பு எதனால் எரிந்தது? நிலம், சம்பளம், வாரிசுரிமை பற்றி ஒரு பத்திகூட இல்லாத பெண்கள் வரலாற்று நூலை நான் பாதி நூல் என்றுதான் சொல்வேன்.

இதே இடத்தில் ஒரு கல்வெட்டைக் காட்டாமல் போக முடியாது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜனின் 29ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளை (கோயில் பணிப் பெண்களை) பட்டியலிடுகிறது. எந்தத் தெரு, எந்தச் சிறகு (தெருவின் பக்கம்), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், பெயர் என்ன என்று ஒவ்வொருவராக. ஆளுக்குப் பங்கு ஒன்று; ஒரு பங்குக்கு 100 கலம் நெல். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பெண்கள் 400 பேரின் பெயரும் வீட்டு எண்ணும் கல்லில் நிற்பது சாதாரண விஷயமில்லை. ஆனால் இந்தக் கல்வெட்டைக் காட்டி ‘தேவதாசிகள் அன்று இப்படி மதிப்பாக வாழ்ந்தார்கள்’ என்றோ, ‘அன்றே அடிமைப்படுத்தினார்கள்’ என்றோ 1920களின் வழக்கில் தீர்ப்பெழுதும் நூலை நம்ப வேண்டாம். நடுவில் 900 ஆண்டுகள் இருக்கின்றன. கல்வெட்டு சொல்வது தெரு, வீடு, பெயர், நெல். அவர்கள் விரும்பி வந்தார்களா என்று கல் சொல்லாது.

இயற்கை நூல்களில் ஏமாறுவது வேறு விதம்: வர்ணனையில் மயங்கி எண்ணைக் கடந்துபோவது. ரேச்சல் கார்சன் 1962இல் எழுதிய ‘மௌன வசந்தம்’ நூலில் கலிபோர்னியாவின் கிளியர் ஏரி வரும் பகுதியை எடுத்துத் தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏரியில் கொசு போன்ற சிறு பூச்சித் தொல்லை. 1949இல் டி.டி.டி. (DDD, DDTக்கு நெருங்கிய உறவு) என்ற மருந்தை ஏழு கோடிப் பங்கு நீருக்கு ஒரு பங்கு கலந்தார்கள். 1954இல் ஐந்து கோடிக்கு ஒன்று. ஐந்து கோடிக்கு ஒன்று என்றால் பத்து லட்சத்துக்கு 0.02. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களில் பார்த்தபோது பத்து லட்சத்துக்கு 5: நீரைப்போல 250 மடங்கு. அதைத் தின்ற மீன், அந்த மீனைத் தின்ற மீன் என்று ஏறி, முக்குளிப்பான் பறவையின் கொழுப்பில் 1,600. நீரைப்போல 80,000 மடங்கு. ஆயிரம் ஜோடிக்கு மேல் இருந்த முக்குளிப்பான்கள் 1960இல் ஏறத்தாழ முப்பது ஜோடி. ‘மிகக் குறைந்த அளவுதான் தெளித்தோம்’ என்ற வாக்கியம் எப்படி உண்மையாகவும் ஆபத்தாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பது இந்த நான்கு வரிக் கணக்கில் விளங்கிவிடும். நூல் அறுபது ஆண்டுப் பழையது; அதில் வரும் மருந்துகளில் பல இன்று கடையில் இல்லை. டி.டி.டி.யை விட்டுவிட்டு, உணவுச் சங்கிலியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இயற்கை நூலின் தமிழாக்கத்தில் பெயர்களைக் கவனிக்க வேண்டும். கார்சனின் நூலில் இறந்துவிழும் ‘ராபின்’ அமெரிக்கப் பூங்குருவி இனம். நம் ஊரில் இந்திய ராபின் எனப்படும் கருஞ்சிட்டு வேறு. தமிழிலேயே செம்போத்து என்பதும் செண்பகம் என்பதும் ஒரே பறவை. அறிவியல் பெயர் ஒருமுறையாவது கொடுக்கப்படாத பறவை நூலையோ மர நூலையோ வைத்துக்கொண்டு வெளியே போனால் குழப்பம்தான் மிஞ்சும்.

மசனோபு ஃபுகோகாவின் ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’ தமிழில் நிறையப் பேர் வாசித்து, நிறையப் பேர் தவறாகப் பின்பற்றிய நூல். உழாமல், உரமில்லாமல் நெல் என்பது மட்டும் காதில் விழுகிறது. அவர் ஜப்பானின் ஷிகோகு தீவில் செய்தது ஒரு முழுச் சுழற்சி: நிற்கும் நெற்பயிருக்குள்ளேயே தீவனப் பயிரான குளோவரையும் குளிர்காலத் தானியத்தையும் விதைப்பது, அறுவடையானதும் வைக்கோல் முழுவதையும் வெட்டாமல் வயலிலேயே பரப்புவது, நெல் விதையைக் களிமண் உருண்டையாக்கிப் போடுவது, மழைக்காலத்தில் ஒரு வாரம், பத்து நாள் தண்ணீர் தேக்கிக் களையையும் குளோவரையும் சோரவைப்பது. இதில் ஒரு கண்ணியை எடுத்தால் மற்றவை நிற்காது. நம் ஊரில் முதலில் அறுந்துபோவது வைக்கோல்தான், ஏனென்றால் அது மாட்டுக்குப் போகிறது. வைக்கோலும் இல்லை, குளோவரும் இல்லை, உழவும் இல்லை என்றால் வயலில் கோரைதான் வளரும். ‘இந்தப் புத்தகம் பொய்’ என்று சொல்கிறவர்களும் ‘இதுவே வேதம்’ என்று சொல்கிறவர்களும் இந்தச் சுழற்சியைத் தாளில் வரைந்து பார்த்ததில்லை.

சோர்வு தட்டும்போது மா. கிருஷ்ணனின் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ நூலை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். சின்னச் சின்னக் கட்டுரைகள். ஒரு கூட்டத்துக்கு இரண்டு போதும். பார்த்ததை மட்டும் எழுதுவது எப்படி என்பதற்கு அதைவிட நல்ல பாடம் தமிழில் குறைவு.

வட்டத்தை நடத்தும் முறை பற்றி: 240 பக்க நூலுக்கு வாரம் 40 பக்கம் வைத்தால் ஆறு வாரம். அதற்கு மேல் வைத்தால் மூன்றாம் வாரம் பாதிப் பேர் வாசிக்காமல் வருவார்கள். கூட்டம் ஒன்றரை மணி நேரம். சுருக்கம் சொல்ல ஒருவரை நியமிக்காதீர்கள்; நியமித்தால் மற்ற ஒன்பது பேரும் அவரை நம்பி வாசிப்பதை விட்டுவிடுவார்கள். அதற்குப் பதில் ஒவ்வொருவரும் பக்க எண்ணோடு ஒரு வாக்கியமும் ஒரு சந்தேகமும் கொண்டுவரட்டும். பேச்சு சொந்தக் கதைக்கு நழுவும்போது ‘எந்தப் பக்கம்?’ என்று கேட்டால் போதும், திரும்பிவிடும்.

நூல் முடிந்ததும் சேர்ந்து நான்கு பக்கம் எழுதுங்கள். இதற்குப் பார்பியானாப் பையன்களின் முறையே கையில் இருக்கிறது. வாசிக்கும் காலம் முழுக்க ஆளுக்கொரு குறிப்பேடு. தோன்றியதை அப்போதே குறிப்பது. பிறகு ஒரு தாளுக்கு ஒரு கருத்து, ஒரு பக்கம் மட்டும் என்று பெயர்த்து எழுதுவது. ஒருநாள் எல்லாத் தாளையும் பெரிய மேசையில் பரப்பி, ஒரே கருத்து இரண்டு தாளில் இருந்தால் ஒன்றை எடுத்துவிடுவது. சேர்ந்து வருவனவற்றை அடுக்கி, ஒவ்வோர் அடுக்குக்கும் பெயர் வைப்பது. பெயர் வைக்க முடியாத அடுக்கில் ஏதோ கலந்திருக்கிறது. அதைப் பிரிக்க வேண்டும். வரிசைப்படுத்தி எழுதியபின் வெட்டத் தொடங்குவது: தேவையில்லாத சொல், கடினமான சொல், நீண்ட வாக்கியம். கடைசியில் வெளியாள் ஒருவரைக் கூப்பிட்டுச் சத்தமாக வாசிக்கச் சொல்வது. அதிகம் படிக்காதவராக இருப்பது நல்லது என்கிறார்கள் அந்தப் பையன்கள். அவர் எங்கே தடுக்குகிறாரோ அங்கே திருத்துவார்கள். தெளிவுக்காக அவர் சொல்லும் திருத்தத்தை ஏற்பார்கள். ‘யாராவது தப்பாக நினைப்பார்கள், இதை எடுத்துவிடுங்கள்’ என்று சொன்னால் ஏற்கமாட்டார்கள்.